வேளா மீன் சுட்டிய திசை

நவம்பர் 12, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். போன வியாழக்கிழமைக் குறிப்பில், மாலை வகுப்புக்கு ஐந்து பேர் வந்ததாக எழுதியிருக்கிறேன். நான்கு பேர்தான். ஐந்தாவது நாற்காலியில் இருந்தது என் மழைக்கோட்டு. பகல் முழுக்க மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறவன் ஆள் எண்ணுவதில் தவறலாமா? தவறியிருக்கிறேன்.

இன்று மூன்று பேர். கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

வகுப்பு நடப்பது போரோகிரியில் ஓர் ஆரம்பப் பள்ளியில். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. ஜன்னல் விளிம்பில் கை வைத்தால் கரி ஒட்டிக்கொள்கிறது. போர்ட் ஹார்கோர்ட்டில் எங்கே கை வைத்தாலும் அப்படித்தான். என் அப்பாவின் மொழியான கலபாரியைச் சொல்லிக்கொடுக்கும் இபிவாரி டீச்சருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். பகலில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறார். இனிமோ என்ற பெண் ஒரு கலபாரிக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறாள். மாமியார் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள வருகிறாள். இன்னொருவர் படகுத்துறைக் காவலாளி. பெரும்பாலும் தூங்குகிறார். படிக்க வருகிறவர்களில் பிறப்பால் கலபாரி நான் ஒருவன்தான். மொழி மிகக் குறைவாகத் தெரிந்தவனும் நான்தான்.

அப்பா ஜோஸ் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். அம்மா அந்த மேட்டுநிலத்துப் பெண். வீட்டில் ஹௌஸாவும் ஆங்கிலமும் பேசினோம். அப்பா எங்களிடம் கலபாரியில் பேசியதில்லை. கோபம் வந்தால் சமையல்கட்டுக்குப் போய்த் தனியாகப் பேசிவிட்டு வருவார். அவர் இறந்த பிறகுதான் அங்கே என்ன பேசியிருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஆகஸ்டில் அப்பாவின் தங்கை அவோபா அத்தை, அப்பாவின் சொந்த ஊரான இபியாமாவிலிருந்து கூப்பிட்டார். அதற்கு முன் என்னிடம் பேசியதே இல்லை.

"வேளா மீன் முறை வந்திருக்கு. கடைசியா ஆடினது உங்கப்பன். இப்ப அந்த வீட்டுக்கு ஆம்பளை இருக்கானா இல்லையான்னு சங்கத்துல கேக்கறாங்க. நான் என்னத்த சொல்ல?"

வாள் மூக்குள்ள வேளா மீன் எங்கள் வீட்டு வேடம்; ஊர் ஆட்டச் சங்கம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டையும் ஆடக் கூப்பிடும். பெரியப்பா மகன்கள் ஹூஸ்டனிலும் அபர்டீனிலும் இருக்கிறார்கள். குடும்பக் குழுவில் கட்டைவிரல் படம் போட்டதோடு சரி. எனக்கு அப்போது தெரிந்த சில கலபாரிச் சொற்களில் ஒன்றைச் சொன்னேன்: "இருக்கேன்."

இன்று வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் அதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"வேடம் கட்டி ஆடறது பெரிசில்ல. மேளம் கூப்பிடுமே, அதுக்கு என்ன பண்ணுவ?"

எங்கள் மேளம் பேசும். பேச்சில் குரல் ஏறி இறங்குவதுபோல மேளத்திலும் ஏற்றி இறக்கி அடிப்பார்கள். ஊரில் வளர்ந்தவனுக்கு அது சொல்லாகவே கேட்கும். ஆட்டத்தின் நடுவில் மேளக்காரர் ஒரு தெய்வத்தின் பெயரையோ பழைய மனிதன் ஒருவனின் பெயரையோ அடிப்பார். வேடம் கட்டியவன் அந்தப் பெயருக்கு உரிய இடம் இருக்கும் திசையைக் கத்தியால் சுட்டிக்காட்ட வேண்டும். இது மட்டும் அப்பா எப்போதோ சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது.

"தப்பா காட்டினா என்ன ஆகும், டீச்சர்?"

"என்ன ஆகுமா? ஊரே ஊளையிடும். பொம்பளைங்க அங்கேயே பாட்டுக் கட்டிடுவாங்க. எங்க தீவுல ஒருத்தன் தெய்வத்தோட குடிலுக்குப் பதிலா பாதிரியார் வீட்டக் காட்டிட்டான். அவன் பேரனையே இன்னும் பாதிரின்னுதான் கூப்பிடறோம்."

"வேடம்?"

"பெட்டிக்குள்ள போயிடும். ஊர்ல இருக்கற எல்லா வேடமும் ஒரு சுத்து ஆடி முடிச்சு, மறுபடி உங்க முறை வரணும். எங்க ஊர்ல அதுக்கு பதினஞ்சு வருஷமாவது ஆகும்."

இனிமோ பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, நீங்க போன வாரம் 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்கறதுக்கே வேர்த்துட்டீங்க."

உண்மைதான். எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். இபியாமாவின் மேளக்காரர் பெனிபோவிடம் கேட்டு, ஊரில் வழக்கமாக அடிக்கும் அழைப்புகளின் ஒலிப்பதிவை வாங்கிவிட்டார். வகுப்பறை நாற்காலிகளை ஊரைப்போல் வைக்கிறார். கரும்பலகைப் பக்கம் ஆறு. ஊர்க்காவல் தெய்வத்தின் குடில் ஒரு நாற்காலி, சந்தைத்துறை ஒன்று, பழைய கிணறு ஒன்று. என் கண்ணைத் துணியால் கட்டி, தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டு, மேசையில் தட்டுகிறார். நான் அளவுகோலால் சுட்டுகிறேன்.

காவலாளி விழித்துக்கொண்டு கேட்டார்: "பொம்பளை மேளம் அடிக்கலாமா?"

"இது மேசைங்க."

"இருந்தாலும்..."

"பழங்கதைப்படி இந்த ஆட்டத்தையெல்லாம் தண்ணிக்கடில இருக்கற தெய்வங்ககிட்ட கத்துக்கிட்டு வந்தவளே ஒரு பொம்பளைதான். அவகிட்ட போய் கேளுங்க."

அவர் மறுபடி தூங்கிவிட்டார்.

முதலில் இரண்டைத் தவிர எல்லாம் தவறு. ஒருமுறை இனிமோவையே சுட்டினேன். அவள் கைகூப்பி, "அம்மன் உன்னை ஆசீர்வதிக்கிறாள்" என்றாள்.

அறைக்கு வந்து, கட்டிலை நகர்த்தி, காலணிகளையும் தண்ணீர்க் கேனையும் வைத்து அதே ஊரைக் கட்டினேன். டியோபுவில் என் அறைக்குக் கீழே குடியிருப்பவர் கழியால் கூரையைத் தட்டினார். காலடிச் சத்தம் அதிகமாம். அந்தத் தட்டலையும் அழைப்பாக நினைத்து ஒரு கணம் கேனைச் சுட்டினேன் என்பதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இந்த வயசுல இது எதுக்குடா? உங்கப்பாவே அதெல்லாம் விட்டுட்டு வந்தவர்தானே?"

"விட்டுட்டாரான்னு தெரியல, அம்மா."

"சரி, சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கடைசி வகுப்பு. நானும் டீச்சரும் மட்டும். இனிமோவுக்குக் கல்யாண வேலை. காவலாளி ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

எல்லா அழைப்பையும் சரியாகச் சுட்டினேன். எவ்வளவு வேகமாகச் சுற்றிவிட்டாலும் தவறவில்லை. டீச்சர் நாற்காலிகளைத் திரும்ப வரிசையில் வைக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "நான் இத பாத்தே வளந்தவ. எனக்கு ஒருநாளும் சுட்டிக் காட்டற வேலை வராது. உனக்கு வந்திருக்கு. ஒழுங்கா பண்ணிட்டு வா."

அவர் என்னைப் பாராட்டினாரா, கோபித்தாரா? இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

வரும் வழியில் மீன் விற்கும் பெண்ணிடம் கலபாரியில் விலை கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

டிசம்பர் 22, ஞாயிறு. இபியாமா

அபொனெமா படகுத்துறையிலிருந்து விசைப்படகு. வழியெல்லாம் உப்புநீரில் வேர் ஊன்றி நிற்கும் கண்டல் காடு. சில இடங்களில் வேர்கள் எண்ணெய்க் கறுப்பாக இருந்தன.

அவோபா அத்தை துறையிலேயே நின்றிருந்தார். காய்ந்த மீன் விற்கிறவர். கையில் அந்த வாசனை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கப்பன் மூக்கு. மத்ததெல்லாம் யாரோடதோ."

மிக வேகமாகப் பேசுகிறார். பாதிதான் புரிகிறது. இந்தக் குறிப்பில் நான் எழுதும் பேச்சு, இரண்டு மூன்று முறை திரும்பக் கேட்டுச் சரிபார்த்தது. மூன்றாவது முறை கேட்டால் அவர் மாட்டைக் கூப்பிடுவதுபோலக் கத்துகிறார்.

அப்பா கட்டிய சிமெண்டு வீட்டின் சாவியைக் கொடுத்தார். அப்பா ஓய்வு பெற்றதும் வந்து தங்குவதற்காகக் கட்டியது. இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் கழிப்பறை. ஒருநாளும் வந்து தங்கவில்லை. சுவரில் இன்னும் வண்ணம் பூசவில்லை. அத்தை அங்கே தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தன் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களாம். மசித்த கிழங்கும் மீன் குழம்பும் ஒரு தூக்கில் வந்தன. தனியாகச் சாப்பிட்டேன். பக்கத்து வீடுகளில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏற்ற இறக்கம் மட்டும் காதில் விழுந்தது, பொருள் விழவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

ஒலிப்பதிவைக் கேட்டு நான் எழுதிவைத்த பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன். குடில், சந்தைத்துறை, பழைய கிணறு, மற்றவை. ஆடுகளத்தின் நடுவில் நின்று ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று மறுபடி பார்த்துக்கொண்டேன். வகுப்பில் கிணற்று நாற்காலி சற்றுத் தள்ளி இருந்திருக்கிறது, திருத்திக்கொண்டேன். நான் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்பதைப் பார்த்து ஒரு கிழவர் எனக்கு மயக்கமா என்று கேட்டார்.

சாயங்காலம் சங்க வீட்டில் ஒத்திகை. பெனிபோ பருத்த மனிதர். வெற்றுடம்பு, கழுத்தில் பவளம். மரமுரசுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். சாராயமும் அங்கேயே வர வேண்டும். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வேளா மீன் தண்ணிய வெட்டிட்டுப் போகும். நீ தண்ணிகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுப் போற."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என்னை வைத்துச் சிரித்தது நன்றாகக்கூட இருந்தது.

பெட்டியைத் திறந்து வேடத்தை எடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய மீன். இரண்டு பக்கமும் பல் வைத்த நீண்ட மூக்கு. அதைத் தலைமேல் வானத்தைப் பார்க்கப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். கூட இருந்த கட்டம்போட்ட மதராஸ் துணியில் அப்பாவின் வியர்வை இருந்திருக்குமோ என்று முகர்ந்துபார்த்தேன். கற்பூர உருண்டை வாசனைதான் வந்தது.

டிசம்பர் 27, வெள்ளி

ஆடிவிட்டேன். எல்லா அழைப்பையும் சரியாகக் காட்டினேன்.

வரிசையாக எழுதுகிறேன். உச்சி சாய்ந்ததும் சங்க வீட்டின் பின்கட்டில் வேடம் கட்டினார்கள். கணுக்காலில் காய்ந்த விதைக் காய்களைக் கோத்த சலங்கை. முகத்தின்மேல் துணி; அதன் வழியாக வெளிச்சமும் என் பாதங்களும்தான் தெரிந்தன. ஆடுகளத்துக்குள் என்னைத் தள்ளினார்கள். முதலில் எந்தப் பக்கம் ஆறு என்றே தெரியவில்லை. பிறகு உள்ளங்காலில் மண் சாய்வதை உணர்ந்தேன். களம் ஆற்றுப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

தாளப் பானைகள் முதலில் ஒலித்தன. பிறகு முரசு. என் காலுக்கு முன்னால் பெண்களின் பாட்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் தண்ணீரிடம் அனுமதி கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

முரசு நின்றது. குடிலைக் கூப்பிட்டது. சுட்டினேன். பெண்கள் குலவையிட்டார்கள். சந்தைத்துறையைக் கூப்பிட்டது. அதையும் சுட்டினேன். கிணறு வந்தபோது என்னைச் சுற்றிவிட்டார்கள். காலால் சாய்வைத் தேடிப் பிடித்துச் சுட்டினேன். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் வந்தது. ஒன்றும் தவறவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். பெனிபோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பிறகு முரசு இன்னொன்று அடித்தது. பட்டியலில் இல்லாதது. ஆனாலும் உடனே புரிந்தது. டுபோயே. எங்கள் வம்சத்தை இந்த ஊரில் நிறுவியவர். என் கடைசிப் பெயர். கிடங்கின் அடையாள அட்டையில் இருப்பது. பள்ளியில் வருகைப் பதிவில் எப்போதும் தப்பாக உச்சரிக்கப்பட்டது. அதை முதல்முறையாகச் சரியாகச் சொல்லிக் கேட்டேன். சொன்னது ஒரு மரம். அந்தத் துணிக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களுக்கு இந்த ஊரில் இருப்பது அப்பாவின் வீடுதான். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, இடது பக்கம் திரும்பி, கத்தியை நீட்டினேன்.

முரசில் ஓர் அடி தவறியதுபோல் இருந்தது. பெனிபோவுக்குக் கை வலித்திருக்கும். பிறகு கைத்தட்டல். நிறையக் கைத்தட்டல். வேடத்தைக் கழற்றியதும் நாற்காலி போட்டார்கள். குளிர்ந்த பானம் கொடுத்தார்கள். "நல்லா பண்ணினப்பா, ஜோஸ் தம்பி" என்று பலர் ஆங்கிலத்தில் சொன்னார்கள். என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு சந்தோஷமாக இருந்தும், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரும் இல்லாததால் இங்கே எழுதினேன்.

அதே நாள், பிறகு

மேலே எழுதியது தவறு. கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அத்தை வந்தார். தூக்கு கொண்டுவரவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"என்ன அத்தை?"

"டுபோயே எங்கடா எறங்கினான்? இந்த சிமெண்டுத் தரையிலயா? உங்கப்பன் கட்டின கக்கூஸ்லயா? மீன் மூக்க தலைல வெச்சுக்கிட்டு, ஊரு பாக்க, கக்கூஸக் காட்டறியேடா!"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார். முதல் முறையே புரிந்துவிட்டது.

"பின்ன எங்க, அத்தை?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நெஜமாவே தெரியாதா?"

"யாரும் சொல்லல."

"யாருடா சொல்லுவா? இதப் போய் யாரு யாருக்குச் சொல்லுவா?" குரல் இறங்கியிருந்தது. "எதிர் ஓடை வாயில. அங்கதான் டுபோயே படகைக் கட்டினான். முதல் வீடு அங்கதான். தண்ணி தின்னுடுச்சு, இப்ப கண்டல் மரமா கெடக்கு. நீர் வத்தினா கல்லு தெரியும். நம்ம வீட்டுக் கொழந்தைங்க நடக்கப் பழகறதுக்குள்ள அந்தப் பக்கம் கை காட்டும்."

"பட்டியல்ல அது இல்லையே. பெனிபோ ஏன் அடிச்சாரு?"

"அது உனக்கு அவன் குடுத்த மிட்டாய்டா. புதுசா ஆடறவனுக்குக் கடைசில அவன் வீட்டுப் பேரையே அடிப்பாங்க. தப்பவே முடியாததா ஒண்ணு, சந்தோஷமா முடிக்கட்டும்னு."

பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப ஏன் யாரும் ஊளையிடல? தட்டினாங்களே."

அத்தை இடுப்பில் கட்டிய துணியின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"விருந்தாளிய யாருடா ஊளையிடுவா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளக்காரன் வந்து முரசுல கன்னாபின்னான்னு தட்டினான். அவனுக்கும் இப்படித்தான் தட்டினாங்க. அவனுக்கும் நாற்காலி போட்டாங்க."

போகும்போது திரும்பி, வாயில் கைவைத்து, ஊவென்று ஒரே ஓர் ஊளை விட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நானாவது விடணும்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் கைத்தட்டல் கேட்கிறது. நவம்பரிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது வேறு ஒரு சத்தத்துக்கு.

டிசம்பர் 28, சனி

காலையில் அம்மா கூப்பிட்டார்.

"எப்படி ஆச்சு?"

"தப்பாயிடுச்சும்மா."

"சரி விடு. அடிகிடி படலையே? எப்ப வர்ற?"

அம்மாவுக்கு இதில் வருந்த என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதை விளக்கும் அளவுக்கு எனக்கும் தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொல்ல வேண்டிய வாக்கியங்களை அறையில் நடந்துகொண்டே பழகினேன். பிறகு சங்க வீட்டுக்குப் போனேன். தலைவரும் பெனிபோவும் இன்னும் சிலரும் சதுரங்கக் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் நாற்காலி எடுக்க எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"அத கணக்குல சேத்துக்கங்க" என்றேன் கலபாரியில்.

"எத?" என்றார் தலைவர்.

"நேத்து நான் தப்பா காட்டினத."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "விடுப்பா. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்க. நல்லா ஆடின. படமெல்லாம் அருமையா வந்திருக்கு."

பெனிபோ என்னைப் பார்க்காமல் ஒரு காயை நகர்த்தினார். "திங்கக்கிழமை கடைசி நாள். எல்லா வேடமும் ஒண்ணா ஆத்துக்கு எறங்கும். நீயும் வா. நான் எதையும் கூப்பிட மாட்டேன். சும்மா ஆடிட்டுப் போ."

அது எனக்கு ஆசையாக இருந்தது. ஆற்றங்கரையில் எல்லா வேடங்களோடும் வேளா மீனும் இறங்குவதை நினைத்தேன். அந்த ஆசையை இங்கே எழுதாமல் விட்டால் நான் ஏதோ உறுதியானவன்போல் தெரிவேன். அப்படி இல்லை.

"உங்க பையன் இதே தப்பு பண்ணியிருந்தா?" என்று பெனிபோவைக் கேட்டேன். இந்த வாக்கியத்தை நான் பழகியிருக்கவில்லை. எங்கோ தப்பாகச் சொல்லியிருப்பேன், ஆனால் அவருக்குப் புரிந்தது.

"எம் பையனா?" அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். "வேடத்தோட ஆத்துல குதிச்சிருப்பான். அவ்ளோ சத்தம் கெளம்பியிருக்கும்."

"அப்ப எனக்கும் அது."

"மடையா!" காய்ப் பலகை குலுங்கியது. "கணக்குல சேத்தா வேடம் பெட்டிக்குள்ள போயிடும்டா. அடுத்த சுத்து வர்றதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிடும். உன் வீட்டுக்கு வேற ஆளும் இல்ல. யாரும் ஒண்ணும் கேக்கலையே, நீயா வந்து ஏன் கேட்டு வாங்கற?"

காரணத்தைக் கலபாரியில் சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. "நான் விருந்தாளி இல்ல" என்று மட்டும் சொன்னேன். அதற்கான சொற்கள் எளிமையானவை.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த ஓடத்தின்மேல் உட்கார்ந்தேன். உள்ளே நீண்ட நேரம் பேசினார்கள், வேகமாக, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து. என்னால் தொடர முடியவில்லை. டுபோயே என்பது மட்டும் அவ்வப்போது வந்து போனது. அவர்கள் சொன்னது அவரையா என்னையா என்று தெரியவில்லை. எதிரே ஆறு, அதன் அந்தப் பக்கம் கண்டல். ஓடை வாய் எது என்று பார்க்க முயன்றேன். இலைகளாகத்தான் தெரிந்தது.

தலைவர் வெளியே வந்து, மெதுவாக, நான் புரிந்துகொள்ளும்படி சொன்னார். கலபாரியில் சொன்னார். நாளை நான் சாராயப் புட்டியோடு வர வேண்டும். முரசுக்கு முன்னால் நின்று, எந்தப் பக்கம் காட்டினேன், எந்தப் பக்கம் காட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு வேடத்தை நானே கழுவிப் பெட்டியில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை நான் கரையில் நின்று பார்க்கலாம், இறங்கக் கூடாது.

பெனிபோ அவர் பின்னால் கதவில் சாய்ந்து நின்றார்.

"பொம்பளைங்க கிட்டயும் சொல்லி வெக்கறேன்" என்றார். "அவங்களும் வருவாங்க."

அவர் மிரட்டினாரா, வேறு எதையாவது கொடுத்தாரா என்று இப்போதுவரை யோசிக்கிறேன்.

அத்தையிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். உங்கப்பனுக்கும் இதே தலைக்கனம், அதனால்தான் மலையில் போய் ஒண்டியாகச் செத்தான் என்றார். பிறகு, காலையில் சர்ச்சு தொடங்கும் முன்பே ஓடையில் நீர் வற்றிவிடும், துடுப்புப் போடத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நாளை: விடிந்ததும் அத்தையோடு எதிர் ஓடைக்குப் போக வேண்டும். கற்களைப் பார்க்க வேண்டும். அங்கே நின்று ஆடுகளம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து ஒரு புட்டி சாராயம் வாங்கி, சட்டை மாற்றி, மதியத்துக்கு முன் சங்க வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வேடம் கழுவ வாளி ஒன்று வேண்டும்.